அசாம் ஜாவாவுக்கு ஒரு மரக் கேமராவுடன்

திருச்சி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பெண் அந்த இரண்டு அட்டைப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னதும், என் கணவர் அவற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"திறந்தா செத்துப்போயிடும்மா" என்றார்.

உள்ளே ஏதோ பிராணி இருக்கிறது என்று நினைத்து அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்தான் விளக்கினேன். உள்ளே இருப்பது ஃபிலிம். சுருள் ஃபிலிம் இல்லை, உள்ளங்கை அகலத்தில் தனித்தனித் தாள். ஒரு தாளுக்கு ஒரு படம். துளி வெளிச்சம் பட்டாலும் அவ்வளவுதான். மேலதிகாரி வந்தார். இரண்டு பெட்டிகளையும் காதருகே வைத்துக் குலுக்கினார். ஒன்றையாவது திறந்து காட்டினால்தான் விடுவேன் என்றார். இவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தானே திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாள்கள் சாம்பலும் ஊதாவுமாகக் கிடந்தன. "இவ்வளவுதானா?" என்றார் அதிகாரி.  விமானத்தில் கொடுத்த உப்புமாவை இவர் தொடவில்லை.

இவர் பெயர் சிதம்பரம். திண்டுக்கல்லில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சிறுமலைக்குக் கூட்டிப்போனார். நான் புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பலாமரத்தின் முன்னால் மூன்று கால் தாங்கியை விரித்து, மரத்தால் செய்த பெரிய கேமராவை அதன்மேல் ஏற்றி, துருத்தி மாதிரி இழுத்து நீட்டி, தலைவழியே கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றவர், வெயில் சாய்கிற வரை வெளியே வரவில்லை. காற்று நிற்க வேண்டுமாம். என்னை ஒரு ஓரமாகக் குடை பிடிக்கச் சொன்னார். "என்னை ஒண்ணு எடுங்களேன்" என்று கேட்டேன். "இது மரத்துக்கான கேமரா" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் குடை பிடிப்பது பழகிவிட்டது.

மரம், பாறை, ஓடை, மேகம். இவற்றைத் தவிர வேறெதையும் இவர் எடுத்ததில்லை. வண்ணத்திலும் எடுத்ததில்லை. கேட்டால், "பச்சையை எடுத்துட்டாத்தான் மரம் தெரியும்" என்பார். ஒரு மாதத்தில் மூன்று படம் தேறினால் அது நல்ல மாதம். எங்கள் வீட்டில் இரண்டு குளியலறை உண்டு. ஒன்றில் இவர் படம் கழுவுவார்; அதில் யாரும் குளித்ததில்லை.

பயணம் என்னால்தான் வந்தது. மலேசியாவிலிருந்து சரசு அக்கா போன் செய்தாள். "தோட்டத்துல செம்பனைய எல்லாம் சாய்ச்சிட்டு புதுசா நடப்போறானுங்க. ஆயாக் கொட்டாய் மரத்தயும் எடுத்துருவானுங்களாம். பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போ."

நான் பிறந்தது குவாலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில். ரப்பரை அங்கே கித்தா என்பார்கள். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டினார்கள். விடிவதற்குள் அம்மாக்கள் காட்டுக்குப் போய்விட, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. அதுதான் ஆயாக் கொட்டகை. அதன் தலைக்கு மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில்தான் நானும் ஏணையில் கிடந்தேன். எனக்கு ஒன்பது வயதாகும்போது குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை அனுமதி இல்லை என்று ஆனது. அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு. தோட்டத்து லோரி ஓட்டுநரைக் கட்டியிருந்தாள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதன் பிறகு அம்மாவின் சாவுக்கு ஒரு முறை, பழனிக்கு ஒரு முறை, இரண்டு தடவை இந்தியா வந்திருக்கிறாள். நான்தான் திரும்பிப் போகவே இல்லை. அந்தத் தோட்டத்தின் புகைப்படம் ஒன்றுகூட எங்கள் யாரிடமும் இல்லை.

இவரிடம் சொன்னேன். "பெரிய மரமா?" என்று கேட்டார். ரொம்பப் பெரியது என்றேன். மறுவாரமே பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

*

அக்கா மகன் குமரன் காரோடு வந்திருந்தான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கேமரா மூட்டையைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல போன்கூட பேசலாமா?" என்றான். மூன்று கால் தாங்கி எனக்கும் இவருக்கும் நடுவே, மூன்றாவது பயணியைப் போல மடியில் சாய்ந்தபடி வந்தது.

வழியெல்லாம் செம்பனை, கித்தாவை அழித்துவிட்டு நட்ட எண்ணெய்ப்பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. நான் கித்தா மரங்களைத் தேடிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் நாலைந்து நின்றன. அதற்குள் கார் தாண்டிவிட்டது.

அசாம் ஜாவா என்ற அந்தச் சின்ன ஊரில் அக்கா வீட்டு வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் கேட்டைத் திறக்க அவளே வந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கிழவியாயிட்டியே லா" என்றாள், மலேசியப் பேச்சின் அந்த 'லா'வோடு. பிறகு இவரைப் பார்த்து, "தம்பி, இன்னும் மரத்ததான் படம் புடிக்கிறீங்களா?" என்றாள்.

"ஆமா மதினி" என்றார் இவர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

சாப்பாட்டுக்கு டின் சார்டின் சம்பல் வைத்திருந்தாள். தக்காளிச் சாறு ஊறிய மீனை வெங்காயம், மிளகாயோடு வதக்கிச் சுடுசோற்றில் போட்டாள். எங்கள் வீட்டில் சம்பள நாளின் சாப்பாடு அது. ஊருக்கு வந்தபின் அம்மா ஒரு முறை அயிரை மீனில் அதைச் செய்து பார்த்தாள். சரியாக வரவில்லை. பிறகு முயலவும் இல்லை.

சாப்பிட்டதும் இவர் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவிடுக்கில் துண்டைச் செருகி, இருட்டில் ஃபிலிம் தாள்களை வெளிச்சம் புகாத உறைச்சட்டங்களில் மாட்ட வேண்டும். ரொம்ப நேரம் ஆனது. அக்கா காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள தூங்கிட்டாரா?"

"வேலை பாக்குறாரு."

"இருட்டுலயா? எங்க வீட்டுக்காரரு வெளிச்சத்துலயே ஒண்ணும் பாக்க மாட்டாரு" என்றாள். அத்தான் இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. இருவரும் சிரித்தோம். பிறகு அக்கா சொன்னாள், "நாளைக்கே தோட்டத்துக்குப் போயிருவோம். எப்ப சாய்ப்பானுங்கன்னு தெரியாது."

வெளியே வந்த இவர் வேறு கணக்கு வைத்திருந்தார். குவாலா சிலாங்கூரில் ஆற்றுமுகத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. அலை வடிந்து வேர்கள் வெளியே தெரிகிற நேரம் நாளைக்குத்தான் சரியாக வருகிறது. மரம் எங்கேயும் ஓடிவிடாது என்றார். தோட்டத்து ஆபீசில் அனுமதி வாங்க குமரனுக்கும் ஒரு நாள் வேண்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன்.

*

காலையில் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, பருப்புக் குழம்பு, தே தாரிக் என்கிற டீ. நம் ஊரில் டீயை ஆற்றுவது போலத்தான் இழுக்கிறார்கள். டின் பால் போடுவதால் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து மேஜையில் ஒரு சீனப் பெரியவர் இவருடைய மூட்டையைக் காட்டி மலாயில் ஏதோ கேட்டார். சர்வே எடுக்க வந்தீர்களா, புது ரோடு வருகிறதா என்று கேட்கிறாராம். அப்படியில்லை என்று அக்கா மலாயில் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

அலை வடிய நேரமிருந்ததால் மெலாவாத்தி குன்றுக்குப் போனோம். அங்கே சாம்பல் நிற மந்திகள் சாதுவாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தங்கம் மாதிரி இருந்தன. "பாருங்களேன்" என்று இவர் தோளைத் தொட்டேன். இவர் ஓர் ஆலமரத்தின் விழுதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணியை உதறியதுதான் தாமதம். அந்தச் சாதுக் குரங்குகள் இல்லை, வேறு சாதிக் குரங்கு ஒன்று எங்கிருந்தோ வந்து அதைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. உச்சிக் கிளையில் உட்கார்ந்து அதைத் தலையில் போட்டுப் பார்த்தது. அக்கா நிலக்கடலையை நீட்டி, தமிழிலும் மலாயிலும் சமாதானம் பேசிப் பார்த்தாள். கடலையைத் தின்ன வேறு குரங்குகள் வந்தன. துணி வரவில்லை.

துணி இல்லாவிட்டால் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் விழும் பிம்பம் தெரியாது. அக்கா தன் பையிலிருந்து மாற்றுக் கைலியை எடுத்துக் கொடுத்தாள். கரும்பச்சையில் பெரிய பெரிய பூப்போட்ட பாத்திக் கைலி. அன்று மத்தியானம் அலையாத்திக் காட்டு மரப்பாலத்தில் போன மலாய்க் குடும்பம் ஒன்று, பூக்கைலியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து நிற்கும் மனிதரைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளைக் கைபிடித்து நடத்திப் போனது.

சேற்றில் வேர்கள் ஆயிரக்கணக்கான விரல்கள் போல நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுமீன்கள் துள்ளின. ஆனால் காற்று நிற்கவில்லை. இலை அசைந்தால் படம் கலங்கிவிடும். ஒரு படம்கூட எடுக்காமல், அலை ஏறி வேர்கள் முங்கும்வரை நின்றுவிட்டு இவர் எல்லாவற்றையும் மடித்தார்.

"நாளைக்கு ஒரு தடவ பாத்துருவோம்" என்றார் காரில்.

முன் சீட்டில் அக்காவின் பின்னந்தலை அசையவில்லை. குமரன் அனுமதி கிடைத்துவிட்டதாகச் சொன்னான். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திண்டுக்கல்லிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரு பெட்டி ஃபிலிமையும் பறிகொடுத்து, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறவரின் பார்வை. "ஒரு நாள்தானே அக்கா" என்றேன்.

மறுநாள் காற்று நின்றது. ஒரே ஒரு படம் எடுத்தார். திரும்பும் வழியில் கடையில் சுட்ட மீனை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக இவரைப் பார்த்து நாளாகியிருந்தது.

*

நாலாம் நாள் தோட்டத்துக்குப் போனோம். முந்தின இரவு பெய்த மழையில் உள்பாதை செம்மண் குழம்பாகக் கிடந்தது. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே குமரனின் கார் வழுக்கி ஓரத்து வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது. அவன் இறங்கி, சேற்றில் செருப்பைத் தொலைத்து, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடினான். அப்போது பனங்குலை ஏற்றப்போகும் லோரி ஒன்று பின்னால் வந்தது. ஓட்டியவர் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர், வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். திரும்பும்போது காரை இழுத்துவிடுகிறேன், அதுவரை பொம்பளைகள் ஏறிக்கொள்ளட்டும் என்றாராம்.

அக்காவை மேலே ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் பாதையின் வளைவுகளையே பார்க்க ஆரம்பித்தாள். இவரும் கேமரா மூட்டையோடு பின்பக்கம் நின்றுகொண்டார்.

பழைய தூங்குமூஞ்சி மரத்துக்குப் போக வேண்டும் என்று அக்கா சொன்னதும் ஓட்டுநர் தலையைத் திருப்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். என் மலாய் மொழி அறுபது வயதுக்குள் முழுக்க உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. செமாலாம். நேற்று.

நேற்று மத்தியானம் சாய்த்துவிட்டார்கள்.

லோரி எங்களை இறக்கிவிட்டுப் போனது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் லயம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மண் மேட்டில், மஞ்சள் இயந்திரம் ஒன்று கையை மடக்கி நின்றது, ஓட்டுபவனைக் காணவில்லை. அதற்கு முன்னால் மரம் படுத்துக் கிடந்தது. வேரோடு பெயர்த்திருந்தார்கள். வேர்த்தட்டு ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதிலிருந்து ஈரமண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. கிளைகளில் ஒட்டியிருந்த பெரணிகள் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் பச்சையாக இருந்தன.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தின் நீளத்துக்கும் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அழுகை வரவில்லை. நேற்று மத்தியானம் நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "முந்தாநாளே வந்திருக்கணும்" என்றார்.

 பதில் சொன்னால் முப்பத்தைந்து வருடத்துக் குடையும் சேர்ந்து வாயில் வந்துவிடும்போல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூன்று கால் தாங்கி விரியும் சத்தம் கேட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விழுந்த மரத்தை இவர் எடுத்ததில்லை. சிறுமலையில் மின்னல் விழுந்து சாய்ந்த வேங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவர். இப்போது பூக்கைலிக்குள் போனார், வந்தார். இரண்டடி தள்ளி நட்டார், மறுபடி போனார். சேற்றில் முழங்காலிட்டார். ஒரு தடவை இயந்திரத்தின் நிழல் விழாத பக்கமாக எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார். பிறகு வெளியே வந்து சொன்னார்:

"மதினி, அந்த அடிமரத்துல உக்காருங்க. நீயும் போய் உக்காரு."

அக்கா திரும்பினாள். "மனுசங்க வேணாம்பீங்களே தம்பி."

"ஆளில்லாம எடுத்தா எவ்வளவு பெருசுன்னு தெரியாது" என்றார் இவர். 

நாங்கள் உட்கார்ந்தோம். பட்டை ஈரமாக இருந்தது. அக்காவின் இடது கை மரத்தைப் பிடித்திருந்தது, வலது தோள் என் தோளை ஒட்டியிருந்தது. வானம் மூடியிருந்ததால் வெளிச்சம் போதாது, தான் கையைத் தூக்கினதிலிருந்து இறக்கும்வரை பத்து விநாடிபோல அசையக்கூடாது, கண்கூட இமைக்காமல் இருந்தால் நல்லது என்றார். கையைத் தூக்கினார். லென்ஸ் திறக்கும் மெல்லிய சத்தம் கேட்டது.

அக்கா பேச ஆரம்பித்தாள்.

"இங்கனதான் நின்னேன்" என்றாள். "உங்க லோரி அந்த வளைவுல திரும்புற வரைக்கும் இங்கனதான் நின்னேன். அப்பா கையக் காட்டினாரு. நீ ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலயே லா."

கை தூக்கியபடியே இருந்தது. என்னால் உதட்டை அசைக்க முடியவில்லை. நேரே லென்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மூச்சு என் கன்னத்தில் பட்டது. என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் எத்தனை கடிதம், எத்தனை போன், அம்மாவின் பிணத்தருகே ஒரு முழு இரவு. ஒரு தடவைகூட அவள் இதைக் கேட்டதில்லை.

கை இறங்கியது.

"அம்மா என் தலையப் பிடிச்சு மடியில அமுக்கிட்டா அக்கா" என்றேன். "ரெண்டு கையாலயும். நிமிரவே விடல. உன்னப் பாத்தா குதிச்சிருவேன்னு பயந்துட்டா."

"குதிச்சிருப்பியா?"

"குதிச்சிருப்பேன்."

அக்கா தன் பாதத்தைப் பார்த்தாள். "அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லயே" என்றாள் கடைசியில். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இவர் உறைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டே, "மதினி அசைஞ்சிட்டாங்க. இன்னொண்ணு எடுத்துருவோம்" என்றார்.

"வேணாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கேமராவை மடித்தார்.

*

திண்டுக்கல் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் இவர் அந்தத் தாளைக் கழுவினார். பயந்துகொண்டே குளியலறைக்குள் போனார். வெளியே வந்து ஈரப்படத்தை என்னிடம் நீட்டினார்.

படத்தில் மரம் முழுதாக விழுந்திருந்தது. பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும், பெரணியின் ஒவ்வொரு பல்லும், வேரில் தொங்கும் மண்ணும்கூடத் தெரிந்தன. நான் தெளிவாக இருந்தேன், எதிரே எதையோ கண்டுவிட்டவள்போலக் கண்ணைத் திறந்துகொண்டு. அக்காவின் புடவை மடிப்புகள் தெளிவாக இருந்தன. மரத்தைப் பிடித்திருந்த கையின் நரம்பும் வளையலும் தெளிவாக இருந்தன. அவள் முகம் இருந்த இடத்தில் மட்டும் என் பக்கமாகச் சாய்ந்த ஒரு வெள்ளைப் புகை.

பெரிதாகப் போட்டு, சுருட்டி, அனுப்பிவைத்தோம். கிடைத்த அன்றே அக்கா போன் செய்தாள்.

"மரம் நல்லா வந்திருக்கு. தம்பிகிட்ட சொல்லு" என்றாள். "எம் மூஞ்சி எங்க லா?"

"நீ பேசிட்டே இருந்தியே அக்கா. அசையாம இருந்தாத்தான் விழும்."

 அந்தப் பக்கம் குமரன் படத்தை மாட்ட ஆணி அடிக்கும் ஓசை கேட்டது.

"மூஞ்சி போனாப் போவுது" என்றாள். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்ல."